25,000 இருக்கைகளும் 2,000 பேரும்: கால்பந்து அரங்கங்கள் எப்படி நிரம்புகின்றன?

2018 டிசம்பர் 26 அன்று இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள சண்டர்லாந்து நகரில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்தது. எதிரணி பிராட்ஃபோர்டு சிட்டி. இரண்டுமே அப்போது மூன்றாம் அடுக்கு லீகில் ஆடிக்கொண்டிருந்த அணிகள். சண்டர்லாந்து 2017-இல் முதல் அடுக்கான பிரீமியர் லீகிலிருந்து கடைசி இடத்தோடு கீழிறங்கி, அடுத்த ஆண்டே இரண்டாம் அடுக்கிலிருந்தும் கடைசி இடத்தோடு கீழிறங்கியிருந்தது. கோப்பையோ பெரிய நட்சத்திரமோ இல்லாத அந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 46,039 பேர். அந்த லீகில் அதற்கு முன் லீட்ஸ் யுனைடெட் வைத்திருந்த சாதனையை அந்தக் கூட்டம் வெகு தூரம் தாண்டியது. ஐரோப்பாவின் பல நாடுகளில் முதல் டிவிஷன் சாம்பியனுக்குக்கூட இத்தனை பேர் கூடுவதில்லை.

அங்கிருந்து தெற்கே சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் டார்லிங்டன் இருக்கிறது. 1825-இல் நீராவி இரயில் ஓடிய பாதையால் உலகறிந்த ஊர். அந்த ஊரின் கால்பந்து கழகமும் 2003-இல் 25,000 இருக்கைகள் கொண்ட புது அரங்கத்துக்குக் குடிபோனது. திறப்பு ஆட்டத்துக்கு 11,600 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை ஒருமுறைகூட எட்டப்படவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் இரண்டாயிரம், மூவாயிரம் பேரே வழக்கமாயினர். ஒன்பதே ஆண்டுகளில் அரங்கம் ஒரு ரக்பி கழகத்தின் கைக்குப் போய்விட்டது.

ஒரே வட்டாரம், ஒரே விளையாட்டு, ஏறத்தாழ ஒரே காலம். ஒரு கழகம் பெரிய அரங்கத்துக்குப் போய் அதை மேலும் பெரிதாக்கியது. இன்னொன்று பெரிய அரங்கத்துக்குப் போய் அழிந்தது. பண பலம், நிர்வாகத் திறமை, அதிர்ஷ்டம் என்று காரணங்கள் பல சொல்லலாம். என் பார்வையில் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு கணக்குப் பிழை. ஒரு கழகத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்கும்போது, அதன் மிகச் சிறந்த நாளில் வந்தவர்களை எண்ணுகிறோமா, மிக மோசமான நாளிலும் வருபவர்களை எண்ணுகிறோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பார்வையாளர் எண்ணிக்கை என்பதே பார்ப்பதற்குத் தோன்றும் அளவுக்கு எளிய எண் அல்ல. அந்தக் காலத்தில் வாசலில் காசு கொடுத்துச் சுழல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனவர்களை எண்ணினார்கள். இன்று இங்கிலாந்தின் பெரிய கழகங்கள் அறிவிப்பது பெரும்பாலும் விற்ற டிக்கெட்டுகளின் கணக்கு. சீசன் டிக்கெட் வாங்கிவிட்டு அன்று வீட்டில் இருந்துவிட்டவரும் அதில் சேர்த்தி. தொலைக்காட்சியில் கேலரியில் இடைவெளிகள் தெரிய, ஒலிபெருக்கியில் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய எண் அறிவிக்கப்படும்போது ரசிகர்கள் முணுமுணுப்பது இதனால்தான். அது பொய்க் கணக்கு அல்ல, பணம் வந்துவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டு அந்த ஆள் டிக்கெட்டைப் புதுப்பிப்பாரா என்பதற்கு, வராமல் போன அந்த மாலையே முதல் அறிகுறி. அரங்கம் கட்ட நினைப்பவர் விற்பனைக் கணக்கைவிடக் கதவைத் தாண்டி வந்தவர்களின் கணக்கைத்தான் மேசைமேல் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாதனை எண்கள் இதைவிடவும் வழிதவறச் செய்பவை. சண்டர்லாந்தின் பழைய மைதானமான ரோக்கர் பார்க்கில் 1933-இல் டெர்பி கவுன்டிக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை ஆட்டத்துக்கு 75,118 பேர் வந்தார்கள். டார்லிங்டனின் பழைய மைதானமான ஃபீதம்ஸுக்கும் ஒரு சாதனை உண்டு: 1960 நவம்பரில் போல்டன் வாண்டரர்ஸுக்கு எதிராக 21,023 பேர். இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் இரண்டு ஊர்களுக்கும் பெரிய அரங்கம் பொருந்தும் என்றே தோன்றும். ஆனால் 21,023 என்பது முதல் டிவிஷன் அணி ஒன்று சின்ன ஊருக்கு வந்த ஓர் இரவின் திருவிழாக் கூட்டம். ரோக்கர் பார்க்கில் அந்த 75,118-க்குக் கீழே, வாரந்தோறும் வந்துகொண்டிருந்த பல்லாயிரம் பேரின் வழக்கம் இருந்தது. கப்பல் கட்டும் தொழிலாளிகள், சுரங்கத் தொழிலாளிகள், அவர்கள் தோளில் ஏறி வந்த பிள்ளைகள். திருவிழாவுக்கு வந்தவர்களை எண்ணி யாரும் ஊர் மக்கள்தொகையைச் சொல்வதில்லை.

இங்கிலாந்தின் வரலாற்றையும் சற்றுச் சேர்த்துப் பார்க்க வேண்டும். போர் முடிந்த பிறகு, 1948-49 பருவத்தில் லீக் ஆட்டங்களுக்கு மொத்தம் 4 கோடியே 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். அந்த உயரத்தை நாடு பிறகு தொடவேயில்லை. தொலைக்காட்சி வந்தது, கார் வந்தது, சனி ஞாயிறுக்கு வேறு பொழுதுபோக்குகள் வந்தன. எழுபதுகளில் கேலரிகளில் வன்முறை வந்தது. எண்பதுகளில் வேலையின்மை. 1985-இல் பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் இறந்தார்கள். 1985-86 பருவத்தின் மொத்தக் கூட்டம் 1 கோடியே 65 லட்சத்துக்குச் சரிந்தது. 1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசலில் சிக்கிய லிவர்பூல் ரசிகர்களில் 97 பேரின் உயிர் போனது. கம்பி வேலிக்குள் மனிதர்களை அடைத்து வைத்து ஆட்டம் காட்டிய ஒரு முறைக்கு அந்த 97 பேர் கொடுத்த விலையை மறந்துவிட்டு அரங்கங்களைப் பற்றி எழுதவே கூடாது. அந்த விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990 ஜனவரியில் வந்தது. மேல் இரண்டு அடுக்குகளின் மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது.

அதன் விளைவு கணித முறைப்படி நடந்தது. பலர் நின்ற இடத்தில் சிலர்தான் உட்கார முடியும். நகர நெரிசலுக்கு நடுவே, வீட்டுச் சுவர்களை ஒட்டிக் கட்டப்பட்ட பழைய மைதானங்கள் சுருங்கின. பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றாக இறுக இறுக, ஒருகாலத்தில் 75,000 பேரைக் கொண்ட ரோக்கர் பார்க்கில் கடைசி ஆண்டுகளில் அனுமதிக்கப்பட்டவர்கள் சுமார் 22,500 பேர்தான். வீடுகளுக்கு நடுவே விரிவாக்க இடமில்லை. ஆகவே அங்கே கூட்டம் இருபதாயிரத்தைத் தொட்டதென்றால், ஊரில் இருபதாயிரம் ரசிகர்கள்தான் இருந்தார்கள் என்று பொருளல்ல. மற்றவர்கள் வெளியே இருந்தார்கள். எத்தனை பேர் என்று யாருக்கும் தெரியாது. பாத்திரத்தின் அளவுக்கு மேல் தண்ணீரை அளக்க முடியாது என்பது இந்தத் துறையில் ஆய்வாளர்களை இன்றுவரை திணறடிக்கும் சிக்கல்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தை நம்பித்தான் கழகத் தலைவர் பாப் மரே இறங்கினார். 1990-களின் தொடக்கத்தில் அவர் போட்ட முதல் திட்டம் நகருக்கு வெளியே, நிசான் கார் ஆலைக்கு அருகே ஒரு பிரம்மாண்ட அரங்கம். நிசான் எதிர்த்தது. திட்டம் கைவிடப்பட்டது. அந்தத் தோல்வி கழகத்துக்குக் கிடைத்த வரம் என்றே நினைக்கிறேன். 1993 டிசம்பரில் ஊரின் கடைசிச் சுரங்கமான மங்க்வேர்மவுத் நிலக்கரிச் சுரங்கம் மூடப்பட்டது. வியர் ஆற்றின் வடகரையில், நகர மையத்திலிருந்து பாலத்தைத் தாண்டி நடந்து போகும் தூரத்தில் ஒரு பெரிய நிலம் காலியானது. 1988-இல் கப்பல் கட்டும் தொழில் முடிவுக்கு வந்து, ஐந்தே ஆண்டுகளில் சுரங்கமும் முடிந்துபோன ஊர் அது. அந்தச் சுரங்கத்தின் மண்ணின்மேல் 42,000 இருக்கைகளோடு 'ஸ்டேடியம் ஆஃப் லைட்' 1997 ஜூலையில் அயாக்ஸ் அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்துடன் திறந்தது. வாசலில் சுரங்கத் தொழிலாளியின் டேவி விளக்கு நினைவுச் சின்னமாக நிற்கிறது. தந்தையும் பாட்டனும் மண்ணுக்கு அடியில் வேலை பார்த்த இடத்துக்கு மகனும் மகளும் சனிக்கிழமை நடந்து வருகிறார்கள். 2002-இல் மெட்ரோ ரயில் நிலையமும் பக்கத்திலேயே வந்தது.

இப்போது எண்களைப் பாருங்கள். ரோக்கர் பார்க்கின் கடைசிப் பருவம் பிரீமியர் லீகில். சராசரிக் கூட்டம் இருபதாயிரத்துச் சொச்சம். அந்தப் பருவத்தின் முடிவில் அணி கீழிறங்கியது. புது அரங்கத்தின் முதல் பருவம் இரண்டாம் அடுக்கில், சின்னச் சின்ன எதிரணிகளோடு. சராசரி 33,000-ஐத் தாண்டியது. ஆட்டத்தின் தரம் குறைந்தும் கூட்டம் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கூடியது. அடுத்த பருவம் 105 புள்ளிகளோடு அந்த அடுக்கை வென்றபோது சராசரி 38,000-ஐத் தாண்டியது. 2000-இல் வடக்கு கேலரிக்கு மேல்தட்டு கட்டி இருக்கைகளை 49,000 ஆக்கினார்கள். அதையும் நிரப்பினார்கள், 2000-01 பருவத்தின் சராசரி 46,000-க்கும் மேல்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் 42,000, மூன்றாண்டு நிரம்பிவருவதைப் பார்த்த பிறகு 49,000. பெரிய கனவு முதலிலேயே இருந்தது. ஆனால் கான்கிரீட் கூட்டத்தைப் பின்தொடர்ந்து போனது.

விசுவாசம் பற்றிய கதையாக மட்டும் இதைச் சொன்னால் அது முழு உண்மையாகாது. 2003-இல் வெறும் 19 புள்ளிகளோடு அணி பிரீமியர் லீகிலிருந்து விழுந்தது. மறு பருவம் சராசரி 27,000 அளவுக்கு இறங்கிவிட்டது. அதாவது இருபதாயிரம் இருக்கைகள் காலி. 2005-06-இல் மீண்டும் பிரீமியர் லீக், அதுவும் 15 புள்ளி என்ற அவமானகரமான எண். சராசரி 34,000-க்கு அருகே. சைமன் கூப்பரும் ஸ்டீஃபன் ஷிமான்ஸ்கியும் 'சாக்கர்நாமிக்ஸ்' நூலில் இங்கிலாந்தின் கூட்டக் கணக்குகளை அலசி, பிறந்த ஊர் அணிக்கு உயிர் உள்ளவரை போய்வரும் ரசிகர் என்ற பிம்பம் கொஞ்சப் பேருக்கே பொருந்தும், பெரும்பாலோர் வருவார்கள், போவார்கள், அணி வென்றால் திரும்புவார்கள் என்று வாதிட்டார்கள். சண்டர்லாந்தின் ஏற்ற இறக்கம் அதற்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் அதே எண்கள் வேறொன்றையும் காட்டுகின்றன. மூன்றாம் அடுக்கில் ஆடிய 2018-19 பருவத்தின் சராசரி 32,000. பிரீமியர் லீகில் தோற்றுக்கொண்டிருந்த பருவத்துக்கும் மூன்றாம் அடுக்கில் வென்றுகொண்டிருந்த பருவத்துக்கும் வித்தியாசம் இரண்டாயிரம் பேர்தான். எவ்வளவு இறங்கினாலும் கீழே ஒரு தளம் இருக்கிறது. அந்தத் தளம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அரங்கத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டிய எண்.

2018-இன் அந்த டிசம்பர் ஆட்டத்தையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். அது தானாகக் கூடிய கூட்டம் அல்ல. அவ்வாண்டு கழகத்தை வாங்கிய புது நிர்வாகம் சாதனையை முறியடிக்க வேண்டும் என்று முனைந்து டிக்கெட் விற்றது. நெட்ஃப்ளிக்ஸின் 'சண்டர்லாந்து டில் ஐ டை' ஆவணத் தொடரில் அந்த முனைப்பை நேரடியாகப் பார்க்கலாம். விடுமுறை நாள், குடும்பத்தோடு வெளியே போக ஊரே விரும்பும் நாள். ஆனாலும் விளம்பரம் 46,000 பேரை உருவாக்கிவிடாது. எங்கோ இருந்தவர்களை ஒரே நாளில் அழைத்து வரலாம், அவ்வளவுதான். அதே ஆண்டின் கோடையில் வெயிலில் வெளிறி இளஞ்சிவப்பாகிப் போன இருக்கைகளைக் கழற்றி, புதுச் சிவப்பு இருக்கைகளைப் பொருத்த ரசிகர்கள் தாங்களாகவே வந்து வேலை செய்தார்கள். என்னைக் கேட்டால், சாதனை எண்ணைவிட இதுதான் பெரிய செய்தி. டிக்கெட் வாங்குபவர் வேறு, கழன்ற திருகைப் பொருத்த வருபவர் வேறு.

டார்லிங்டனின் கதைக்கு வருவோம். ஜார்ஜ் ரெனால்ட்ஸ் சமையலறை மேடைப் பலகைகள் தயாரித்துப் பெரும் பணம் சேர்த்தவர். இளமையில் சிறைக்குப் போய் மீண்டு வந்தவர். 1999-இல் கடனில் மூழ்கிய கழகத்தை வாங்கிக் கடனை அடைத்தார். அதற்காக ஊர் அவரைக் கொண்டாடியது. கொண்டாட நியாயமும் இருந்தது. நான்காம் அடுக்கில் இருந்த அணியைச் சில ஆண்டுகளில் பிரீமியர் லீகுக்குக் கொண்டுபோவேன் என்றார். 2000-இல் அணி மேலேறுவதற்கான பிளே-ஆஃப் ஆட்டங்களில் வெம்ப்ளி இறுதி வரை போய்த் தோற்றது. கொலம்பியாவின் ஃபாஸ்டினோ அஸ்பிரியாவை ஒப்பந்தம் செய்வதாக 2002-இல் ரசிகர்கள் முன் அழைத்து வந்து காட்டினார். அவர் ஒப்பந்தம் ஆகாமலே போய்விட்டார். ஊரின் நெருக்கமான நடுவில், கிரிக்கெட் மைதானத்தை ஒட்டி இருந்த ஃபீதம்ஸில் ஆட்டத்துக்கு மூவாயிரம் முதல் ஐயாயிரம் பேர் வந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஊர் எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில் 25,000 இருக்கைகள் கட்டினார். பளிங்குத் தரை, நகரும் படிக்கட்டு, தன் பெயரே அரங்கத்துக்கு.

திறப்பு நாளில், 2003 ஆகஸ்ட் 16 அன்று, கிடர்மின்ஸ்டர் ஹாரியர்ஸ் அணி 2-0 என்று வென்றது. டிசம்பரிலேயே கழகம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. ரெனால்ட்ஸ் விலகினார், பின்னாளில் வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்றார். ஆனால் தோல்வியை அவர் ஒருவரின் குணத்தோடு முடிச்சுப் போட்டுவிடுவது எளிது, சரியல்ல. அவர் போன பிறகும் அரங்கம் இருந்தது. 2009-இல் இரண்டாம் முறை, 2012-இல் மூன்றாம் முறை கழகம் திவாலானது. ஒவ்வொரு புது உரிமையாளரும் அதே கட்டடத்தைச் சுமக்க வேண்டியிருந்தது. ஆயிரம் பேர் உட்காரும் கல்யாண மண்டபத்தில் எண்பது பேர் வந்த விருந்து எப்படித் தோன்றுமோ அப்படித்தான் ஒவ்வொரு சனிக்கிழமையும் தோன்றியது. வாடகை, பராமரிப்பு, விளக்கு, பாதுகாப்பு ஊழியர் செலவெல்லாம் கட்டடத்தின் அளவுக்கு வந்தன. வருமானமோ கூட்டத்தின் அளவுக்கு வந்தது.

காலி இருக்கை ஆட்டத்தையே பாதிக்கிறது என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. 2020-இல் கொரோனாவால் ஐரோப்பா முழுக்க ஆளில்லாத அரங்கங்களில் ஆட்டங்கள் நடந்தபோது, சொந்த மைதான அணிக்கு வழக்கமாகக் கிடைக்கும் சாதகம் குறைந்ததையும், விருந்தாளி அணிக்கு நடுவர்கள் முன்னைவிடக் குறைவாக அட்டை காட்டியதையும் பல ஆய்வுகள் பதிவுசெய்தன. மூவாயிரம் குரல்கள் ஃபீதம்ஸில் எதிரணியை நடுங்க வைத்திருக்கும். அதே மூவாயிரம் குரல்கள் 25,000 பிளாஸ்டிக் இருக்கைகளுக்கு நடுவே கரைந்துபோயின. பெரிய அரங்கம் கூட்டத்தைக் கூட்டவில்லை என்பதோடு நிற்கவில்லை. இருந்த கூட்டத்தின் வலுவையும் அது எடுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரரோடு நடந்து போய், அதே தூணருகே நின்று, அதே நண்பர்களைப் பார்த்துப் பேசிய பழக்கம் அறுந்தது. பழக்கம் ஒருமுறை அறுந்தால் வெற்றிகளால்கூட அதை மீட்பது கடினம். போதாததற்குச் சண்டர்லாந்து, நியூகாசில், மிடில்ஸ்பரோ என மூன்று பெரிய கழகங்கள் ஒரு மணி நேரப் பயண தூரத்தில் இருந்தன. 1995-இல் மிடில்ஸ்பரோவும் புது அரங்கத்துக்குப் போயிருந்தது. முதல் டிவிஷன் ஆட்டம் பார்க்க விரும்பிய டார்லிங்டன்காரருக்கு ஏற்கெனவே போக்கிடம் இருந்தது.

மூன்றாம் திவாலுக்குப் பிறகு கழகத்தைக் காப்பாற்றியவர்கள் ரசிகர்கள். கால்பந்து சங்கம் அவர்களை நான்கு அடுக்குகள் கீழே தள்ளியது. பெயர் 'டார்லிங்டன் 1883' ஆனது. சொந்த ஊரில் மைதானம் இல்லாமல் பக்கத்து ஊரான பிஷப் ஆக்லண்டில் ஆடினார்கள். நான்கே பருவங்களில் மூன்று முறை மேலேறினார்கள். 2016 டிசம்பரில் பிளாக்வெல் மெடோஸ் என்ற சிறு ரக்பி மைதானத்துக்கு, சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். 2017-இல் பிளே-ஆஃப் ஆடத் தகுதியான இடத்தில் பருவத்தை முடித்தும், மைதானத்தில் விதிப்படி வேண்டிய இருக்கைகள் இல்லாததால் அவர்களுக்கு ஆட அனுமதி மறுக்கப்பட்டது. 25,000 இருக்கைகளின் பாரத்தால் நொறுங்கிய கழகம், சில நூறு இருக்கைகள் இல்லாமல் நின்றது. ரசிகர்கள் மீண்டும் பணம் திரட்டினார்கள்.

கூட்டத்துக்கு எது காரணம் என்று பொருளியலாளர்கள் பல பத்தாண்டுகளாக ஆராய்கிறார்கள். 1956-இல் அமெரிக்கப் பொருளியலாளர் சைமன் ராட்டன்பர்க் பேஸ்பாலை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து, முடிவு நிச்சயமில்லாத ஆட்டத்துக்கே கூட்டம் வரும் என்ற கருத்து வலுப்பெற்றது. கால்பந்தில் அதற்கான சான்றுகள் கலவையானவை. சொந்த அணி நெஞ்சு படபடக்க இழுபறியில் ஆடுவதைப் பார்க்க எத்தனை பேர் வருகிறார்களோ, அது சுலபமாக வெல்வதைப் பார்க்க அதைவிட அதிகம் பேர் வருவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. புது அரங்கம் திறந்தால் சில ஆண்டுகளுக்குக் கூட்டம் கூடும், பிறகு வடியும் என்பது அமெரிக்க அரங்கங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட இன்னொரு உண்மை. டார்லிங்டனில் அந்த இனிய காலம் ஒரே ஆட்டத்தோடு முடிந்தது.

சின்னதாக்கி வென்ற கழகமும் உண்டு. இத்தாலியின் யுவென்டஸ் 1990 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட டெல்லே ஆல்ப்பி அரங்கத்தில் ஆடியது. சுமார் 69,000 இருக்கைகள், நடுவே ஓட்டப் பாதை, ஆட்டம் எங்கோ தூரத்தில். நாட்டின் மிக அதிக ரசிகர்களைக் கொண்ட கழகமாக இருந்தும், 2001-02 பருவத்தில் சாம்ப்டோரியாவுக்கு எதிரான கோப்பை ஆட்டத்துக்கு 237 பேர் வந்தார்கள். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 இருக்கைகளோடு, புல்வெளிக்கு அருகிலேயே கேலரி வைத்து 2011-இல் புது அரங்கத்தைத் திறந்தார்கள். அதன் பிறகு தொடர்ந்து ஒன்பது லீக் பட்டங்கள். அதற்கெல்லாம் அரங்கமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இருக்கை கிடைக்காமல் போகலாம் என்ற எண்ணமே சீசன் டிக்கெட்டை வாங்க வைக்கிறது. 69,000 இருந்தபோது எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஆகவே எப்போதும் போகவில்லை.

இலண்டனில் வெஸ்ட் ஹாம் எதிர்த்திசையில் போய், தன்னளவில் வென்றது. 35,000 பேர் கொள்ளும் பழைய மைதானத்தை விட்டு, 2012 ஒலிம்பிக் அரங்கத்துக்கு 2016-இல் போனது. சீசன் டிக்கெட் 289 பவுண்டிலிருந்து கிடைத்தது. பிரீமியர் லீகில் அப்போது அது மிக மலிவு. சராசரிக் கூட்டம் 57,000-ஐ நெருங்கியது. ஆனால் அந்த அரங்கம் பொதுப் பணத்தில் எழுந்தது. ஆண்டு வாடகை சுமார் 25 லட்சம் பவுண்டு. கட்டடக் கடனைத் தானே சுமக்கும் எந்தக் கழகமும் அந்த விலைக்கு டிக்கெட் விற்க முடியாது. அங்கும் 2018 மார்ச்சில் பர்ன்லியோடு தோற்ற ஆட்டத்தில் ரசிகர்கள் புல்வெளிக்குள் இறங்கினார்கள். ஓட்டப் பாதைக்கு அப்பால் உட்கார்ந்து பார்ப்பது ஆட்டம் பார்ப்பதாகவே இல்லை என்பது அவர்களின் நெடுநாள் குறை. அரங்கம் நிரம்பியதும் மனம் நிரம்பியதும் ஒன்றல்ல என்று அவர்கள் சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன்.

எத்தனை பேர் வருவார்கள் என்ற கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் இடம் பெண்கள் கால்பந்து. இங்கே வெளியே நிறுத்தப்பட்ட கூட்டத்துக்கு ஒரு கொடுமையான வரலாறு உண்டு. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரின் கூடிசன் பார்க்கில், பிரெஸ்டன் ஆலைத் தொழிலாளிப் பெண்களின் 'டிக், கெர் லேடீஸ்' அணி செயின்ட் ஹெலன்ஸ் அணியோடு ஆடியதைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். பல்லாயிரம் பேர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். மறு ஆண்டு, 1921 டிசம்பர் 5 அன்று, கால்பந்து சங்கம் தன் உறுப்புக் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை விதித்தது. அரை நூற்றாண்டு அந்தத் தடை நீடித்தது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று பிற்காலத்தில் சொன்னவர்கள் யாரும், கூட்டம் வந்த பிறகுதான் தடை வந்தது என்பதை நினைத்துப் பார்க்கவில்லை. ஐம்பது ஆண்டு பழக்கத்தை வெட்டி எறிந்துவிட்டுப் பழக்கம் இல்லை என்று குறை சொல்வது பெரும் அநீதி.

அந்தப் பழக்கத்தை ஆர்சனல் பெண்கள் அணி மறுபடி கட்டும் விதம் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. அவர்களின் பழைய இடம் போரம்வுட்டில் 4,500 பேர் கொள்ளும் மெடோ பார்க். 2022 செப்டம்பரில் டாட்டனம் ஆட்டத்துக்கு எமிரேட்ஸ் அரங்கில் 47,367 பேர். 2023 டிசம்பரில் செல்சி ஆட்டத்துக்கு 59,042. 2024 பிப்ரவரியில் மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்கு 60,160. உச்ச எண்களில் மயங்கி எல்லா ஆட்டத்தையும் உடனே அங்கே கொண்டுபோகவில்லை. பருவத்துக்குச் சில ஆட்டங்கள், பிறகு பெரும்பாலான லீக் ஆட்டங்கள், 2025-26-இல் எல்லா லீக் ஆட்டங்களும் என்று ஏறினார்கள். குடும்பத்தோடு வரக் கட்டுப்படியாகும் டிக்கெட் விலையும் இந்த ஏற்றத்தில் ஒரு பகுதி. பார்சலோனா பெண்கள் அணி 2022 ஏப்ரலில் கேம்ப் நோவில் 91,648 பேரைக் கூட்டியது. ஆனால் வழக்கமாக ஆடியது ஆறாயிரம் இருக்கைகள் கொண்ட யோஹன் கிரைஃப் அரங்கில். இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள தூரத்தை எப்படிக் கடப்பது என்பதற்கு ஆர்சனலின் படிக்கட்டு முறை ஒரு வழி காட்டுகிறது.

2025 கோடையில் லிவர்பூல் நகரின் எவர்டன் ஆண்கள் அணி, 1892 முதல் ஆடிவந்த கூடிசன் பார்க்கை விட்டு, மெர்சி ஆற்றின் கப்பல்துறையில் 52,000-க்கும் மேற்பட்டோர் கொள்ளும் புது அரங்கத்துக்குப் போனது. பழைய மைதானத்தை இடிப்பதாக இருந்த திட்டம் மாறி, அது பெண்கள் அணியின் சொந்த மைதானமாகிவிட்டது. ஆண்கள் அணிக்குக் கூடுதலாகத் தேவைப்படுவது பதின்மூன்றாயிரம் பேர். நெடுங்காலமாக டிக்கெட்டுக்குக் காத்திருந்தவர்கள் அந்த ஊரில் இருக்கிறார்கள். பெண்கள் அணி வருவதோ இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் கொள்ளும் வால்டன் ஹால் பார்க்கிலிருந்து. கூடிசனைச் சுற்றியுள்ள தெருக்களின் பள்ளிகளில் படிக்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர் அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் நடந்து வருகிறார்கள் என்பதைத்தான் கழகம் முதலில் எண்ண வேண்டும். பெரிய எதிரணி வரும் நாளை அல்ல.